கொள்ளைக்காரன் நடத்திய பாடம்



வானொலியில் கேட்பவர்களும், கேட்கத் தவறி இப்பத்தியில் வாசிப்பவர்களும் ஒருசேர எனக்கு நேயர்கள்தாம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் பழையது. 9ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் சிலர் கற்றல், கற்பித்தல் பற்றி என்ன எண்ணினார்கள்? அந்த எண்ணங்களுக்கும் எமது வகுப்பறைகளுக்கும் ஏதேனும் உறவு உண்டா? இந்தக் கேள்வியை எனக்குள் மீண்டும் கிளப்பிவிட்டவள், நெடுங்கேணியில் என் அயலில் இருக்கும் ஒரு மாணவி.

உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. பிள்ளை வவுனியாவில் ரியூஷன் வகுப்பு முடித்து, புளியங்குளம் வழியாக வரும் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சன நெரிசலில் புத்தகப் பை எங்கேயோ தவறிவிட்டது. இரண்டு வருட ரியூட்டுகள், குறிப்புக் கொப்பிகள், விடையெழுதிய கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள். மாலையில் தாயோடு என் வீட்டு விறாந்தையில் வந்து நின்றாள்.

"சேர், நான் படிச்சதெல்லாம் போச்சு" என்றாள்.

ஆறுதல் சொல்ல வாயெடுத்த எனக்கு வேறொரு குரல் காதில் விழுந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய குரல். அதுவும் ஒரு கொள்ளைக்காரனின் குரல்.

பறிபோன குறிப்புகள்

இமாம் கஸ்ஸாலி 1058இல் இன்றைய ஈரானிலுள்ள தூஸ் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலே தந்தையை இழந்தவர். இளைஞனாக இருக்கையில் ஜுர்ஜான் என்ற ஊருக்குச் சென்று ஓர் ஆசிரியரிடம் பாடங்கேட்டார். கேட்டதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டார். படிப்பு முடிந்து ஊர் திரும்புகையில் வழிப்பறிக் கொள்ளையர் பயணிகளை மறித்து, இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு போனார்கள். கஸ்ஸாலி அவர்களைப் பின்தொடர்ந்தார்.

கொள்ளையர் தலைவன் திரும்பிப் பார்த்து, உயிர் வேண்டுமானால் போய்விடு என்று மிரட்டினான். இளைஞர் அசையவில்லை. அந்தப் பையிலுள்ள குறிப்புகளால் உங்களுக்கு ஒரு பயனுமில்லை. அவற்றைக் கேட்டெழுதி அறிந்துகொள்ளத்தான் இத்தனை தூரம் போனேன். அவற்றை மட்டும் தந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். தலைவன் சிரித்தான். குறிப்பை எடுத்ததும் அறிவில்லாதவனாகி நிற்கிறாயே, அப்படியானால் நீ அறிந்துகொண்டது எதை என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான்.

இறைவனே அவன் வாயால் தனக்கு வழிகாட்டியதாகக் கஸ்ஸாலி எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் இருந்து, குறிப்பில் இருந்ததனைத்தையும் மனத்தில் பதித்தார். இனியொரு கொள்ளைக்காரன் வந்தாலும் அறிவைக் கொண்டுபோக முடியாது என்ற நிலைக்கு வந்த பின்னரே ஓய்ந்தார். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் அவரே சொன்னதாகப் பதிவு செய்திருக்கும் செய்தி இது.

இந்தக் கதையை நான் எந்த நூலிலும் முதலில் படிக்கவில்லை. எண்பதுகளில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்தபோது, தண்ணீரூற்றைச் சேர்ந்த மௌலவி ஒருவர் உடன் ஆசிரியராக இருந்தார். தமிழிலே நல்ல பற்றுள்ளவர். மதிய இடைவேளையில் நான் நன்னூலைச் சொல்ல, அவர் அரபு நூல்களின் கருத்தைத் தமிழில் சொல்லுவார். தமிழ்நாட்டில் அப்துல் வஹ்ஹாப் பாகவி தமிழாக்கிய கஸ்ஸாலியின் நூற்பகுதிகளை எனக்கு இரவல் தந்தவரும் அவரே. சைவ வீட்டில் பிறந்த எனக்கு இந்த அறிஞர்கள் அறிமுகமானது அந்த வேப்பமரத்து நிழலில்தான்.

மனனமா, கைவரப் பெறுதலா?

கதையைக் கேட்டதும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். எல்லாவற்றையும் மனனம் செய் என்பதுதான் இதன் பாடமோ? மனனக் கல்வியால்தானே எமது பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்?

இதற்கு விடை சொல்லக்கூடியவர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸ் நகரில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்தவர். வரலாற்றின் இயக்கத்துக்குக் காரணம் தேடியவர்களில் முன்னோடி. 1377இல் அவர் எழுதிய 'முகத்திமா' என்ற பெருநூலில் கல்வி பற்றிப் பல அத்தியாயங்கள் உண்டு. ஒரு துறையின் செய்திகளைத் தெரிந்திருப்பது வேறு, அத்துறை ஒருவருக்குக் கைவந்திருப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். கைவந்த நிலையை அரபியில் 'மலகா' என்பர். தச்சனுக்கு உளி கைவருவதைப் போன்றது அது. உளியைப் பற்றி நூறு செய்தி தெரிந்தவன் தச்சனாகிவிட மாட்டான்.

மொரோக்கோவின் பெஸ் முதலிய நகரங்களில் தாம் கண்ட மாணவர்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். வாழ்நாளின் பெரும்பகுதியை அவர்கள் பாட அவையிலே கழித்திருக்கிறார்கள். ஆனால் வாய் திறப்பதில்லை, விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. மனனத்திலே தேவைக்கு மேல் கவனம் செலுத்துகிறார்கள். அங்கே மாணவர் கல்விக்கூடத்தில் தங்குவதற்கு 16 ஆண்டுகள் வகுத்திருந்தார்களாம். தூனிஸிலோ 5 ஆண்டுகள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மாணவரின் மந்தபுத்தியல்ல, கற்பிக்கும் முறையின் குறையே என்பது அவர் முடிபு. பேசியும் வாதிட்டும் பழகுவதே அறிவைக் கைவரச் செய்யும் எளிய வழி என்கிறார்.

ஆகவே கஸ்ஸாலி மூன்றாண்டு இருந்து செய்ததை வெறும் உருப்போடுதல் என்று கொள்வது பொருந்தாது. தாளில் இருந்ததைத் தம்முடையதாக்கிக்கொண்டார் என்பதே பொருள். எம்மவர் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது' என்று நாலு சொல்லில் முடித்துவிட்ட விடயமும் இதுவே.

மூன்று சுற்றுப் பாடம்

கைவரச் செய்வதற்கு இப்னு கல்தூன் ஒரு முறையையும் சொல்கிறார். எந்தப் பாடத்தையும் மூன்று சுற்றாக நடத்த வேண்டும் என்பது அது. முதற் சுற்றில் தலையாய செய்திகளை மட்டும், மாணவனின் ஏற்குந் திறனறிந்து, பொதுப்படச் சொல்லுதல். இரண்டாம் சுற்றில் அதே பாடத்தை விளக்கத்தோடும், அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடுகளோடும் சொல்லுதல். மூன்றாம் சுற்றில் சிக்கலான எதையும் விளங்காமல் விட்டுவிடாது முடித்தல். சிலருக்கு இதிற் குறைந்த சுற்றும் போதும். முதல் நாளிலேயே கடின நுணுக்கங்களைப் பிள்ளையின் தலையில் சுமத்தினால், தனக்கு இது வராது என்று அது பாடத்தையே வெறுத்துவிடும்; பழி ஆசிரியருடையது என்கிறார்.

அடுத்து அவர் சொல்வதைக் கேட்டால், எமது ரியூஷன் கொட்டில்களின் வாசலில் நின்று சொல்கிறாரோ என்று தோன்றும். அவர் காலத்திலும் பெரிய நூல்களைப் பிழிந்து சுருக்கக் குறிப்புகளாக்கும் வழக்கம் பரவியிருந்தது. குறைந்த சொல்லில் நிறைந்த பொருளை அடைத்துக் கொடுத்தால் மாணவன் இலகுவாக மனனம் செய்வான் என்று எண்ணினார்கள். இப்னு கல்தூனோ இதனால் கல்வி கெடுகிறது என்று அடித்துச் சொல்கிறார். ஒரு துறையின் முடிந்த முடிபுகளை, அதற்கு இன்னும் ஆயத்தமாகாத தொடக்க மாணவனின் கையில் கொடுப்பது முதற் கேடு. அடர்ந்த சொற்களின் சிக்கலை அவிழ்ப்பதிலே அவன் காலம் வீணாவது இரண்டாவது கேடு. விரிவான நூல்களில் ஒரு செய்தி பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதால்தான் அது கைவருகிறது. சுருக்கத்தில் அந்தப் பயிற்சிக்கே இடமில்லை என்பது மூன்றாவது.

எங்கள் மாணவி தொலைத்த பைக்குள் இருந்தவற்றை மறுநாள் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வரலாற்றுக்கு மூன்று ஆசிரியர்களின் ரியூட்டுகள், தமிழுக்கு இரண்டு, புவியியலுக்கு ஒன்று. பாடநூல்கள் வீட்டிலேயே பத்திரமாக இருந்தன. பிள்ளை அவற்றைத் திறந்ததே குறைவு. அவள்மீது எனக்குக் கோபமில்லை. பரீட்சைக்கு இது போதும் என்று பெரியவர்கள் சொன்னதை அவள் நம்பினாள்.

ஸர்னூஜியும் பவணந்தியும்

நேயர்களே, இவ்விடத்தில் எமது இலக்கணத்தையும் சற்று நோக்குவோம். மத்திய ஆசியாவிலே புர்ஹானுத்தீன் ஸர்னூஜி என்றோர் ஆசிரியர் இருந்தார். மாணவன் கற்கவேண்டிய நெறியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் மத்ரஸாக்களில் ஓதப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது அந்நூல். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டிலே சமண முனிவர் பவணந்தி நன்னூலை இயற்றினார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியேயில்லை. ஆனால் இருவரும் ஒரே திண்ணையில் இருந்து பேசியதுபோல் இருக்கிறது.

தொடக்கப் பாடம், இரண்டு முறை திருப்பிச் சொன்னால் மனத்தில் நிற்கும் அளவினதாக இருக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்ற பழைய ஆசிரியர்களின் கருத்தை ஸர்னூஜி எடுத்துரைக்கிறார். நன்னூலோ ஒரு பாடத்தை இருமுறை கேட்டவனுக்குப் பிழை பெரிதும் இராது, மும்முறை கேட்டால் பிறர்க்கு முறையறிந்து சொல்லவும் வல்லவனாவான் என்கிறது. இப்னு கல்தூனின் மூன்று சுற்று எமக்குப் புதியதல்ல என்பது இதனால் விளங்கும்.

தனியே இருந்து பல நாள் திருப்பிச் சொல்வதைக் காட்டிலும் சக மாணவரோடு சிறிது நேரம் வாதித்து ஆராய்வது மேல் என்பதும் ஸர்னூஜியின் கருத்து. ஆனால் அந்த வாதம் உண்மை காண்பதற்காக இருக்க வேண்டும், மற்றவனை மடக்குவதற்காக இருக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் உண்டு. நன்னூல் இதையே கணக்காகத் தருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது.

எமது வகுப்பறை முதற் காற்பங்கோடு நின்றுவிடுகிறது. பக்கத்துப் பிள்ளையோடு கதைத்தால் குழப்படி என்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சை என்று வந்துவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்திலிருப்பது தோழன் அல்ல, போட்டியாளன். தன் கொப்பியை மற்றப் பிள்ளைக்குக் காட்டாதே என்று சொல்லியனுப்பும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். முக்காற் பங்கைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்கிறோம் என்பது எமக்குத் தெரிவதில்லை.

பிரம்பும் நீதியும்

இப்பொழுது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பிரம்பு இல்லாமல் இலக்கணம் வராது என்று நம்பிய தலைமுறை எனது. இளம் ஆசிரியனாக இருந்தபோது வீட்டுவேலை செய்யாத ஒரு பையனைத் தொடர்ந்து அடித்தேன். சில வாரங்களில் அவன் கொப்பி பிழையின்றி வரத் தொடங்கியது. பிரம்பு வேலை செய்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். தவணைப் பரீட்சையின்போதுதான் உண்மை தெரிந்தது. அவன் நாள்தோறும் விடிய வந்து இன்னொருவனின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறான். இலக்கணத்தை அவன் என்னிடம் கற்கவில்லை. ஏமாற்றத்தைத்தான் கற்றான்.

இதை மௌலவியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மாஸ்டர், இதைக் கல்தூன் எப்பவோ எழுதிவைச்சிட்டுப் போட்டார்" என்றார். உண்மைதான். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை மனச் சுருக்கமடைகிறது, சோம்பலுக்கு ஆளாகிறது, அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யும் சூதும் பழகுகிறது, நாளடைவில் அவையே அதன் இயல்பாகிவிடுகின்றன என்பது முகத்திமாவில் உள்ள கருத்து. அதோடு அவர் நிற்கவில்லை. அடக்குமுறையின் கீழ் வாழும் சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்கிறார். வன்னியில் வாழ்ந்த ஒருவனுக்கு அந்த வரியைக் கடந்து போவது எளிதல்ல.

அவருக்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 9ஆம் நூற்றாண்டிலே, கைரவான் நகரில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன் ஆசிரியர் நடத்தைக்கென்றே ஒரு நூல் செய்தார். அக்காலத்து நூலாதலால் அடியை அது முற்றாக விலக்கவில்லை. ஆனால் மூன்று அடிக்கு மேற் கூடாது, கோபத்தில் அடிக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் சமமாக நடத்தாத ஆசிரியர் நீதி தவறியவர் என்றது. கஸ்ஸாலியோ மாணவனைத் தன் பிள்ளையாகக் கருதுதல் ஆசிரியரின் முதற் கடமை என்றார். தவறு கண்டால் வெளிப்படையாக இடித்துரைக்காது குறிப்பால் உணர்த்த வேண்டும் என்றும், ஒரு பாட ஆசிரியர் மாணவர் முன்னிலையில் மற்றப் பாடத்தை இழிவாகப் பேசக்கூடாது என்றும் எழுதினார். கணித ஆசிரியர் கலைப் பிரிவைப் பழிப்பதும், நாங்கள் திருப்பிப் பழிப்பதும் எத்தனை பாடசாலைகளில் நடக்கின்றன!

பாடம் முடிந்து வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், ஓயாமல் படிக்க வைத்தால் மனம் செத்துப்போகும் என்பதும் கஸ்ஸாலியின் கருத்தே. பாடசாலை விட்டதும் நேரே ரியூஷனுக்கு ஏற்றி அனுப்பும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

எதைக் கற்பது?

மார்க்க அறிஞர்கள் மார்க்கக் கல்வியை மட்டுமே கல்வி என்று கொண்டார்கள் என ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' 40 பகுதிகள் கொண்டது. அதன் முதற்பகுதியே அறிவைப் பற்றியது. மருத்துவம், கணக்கு, உழவு, நெசவு போன்றவை ஒரு சமூகத்தின் கூட்டுக் கடமை, ஊரில் ஒருவராவது கற்றிராவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி என்று அதில் வாதிடுகிறார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் சட்டக் கல்விக்கே முண்டியடிப்பதை அவர் கண்டிக்கிறார். சட்டம் கற்றால் பதவி கிடைக்கும், அறக்கட்டளைச் சொத்துகளை நிருவகிக்கும் வாய்ப்புக் கிடைக்கும்; மருத்துவத்தில் அது இல்லை என்று காரணத்தையும் உடைத்துச் சொல்கிறார்.

எந்தப் படிப்பால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறோமேயன்றி, ஊருக்கு எது இல்லை என்று கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் படித்துத் தேறிய பிள்ளைகள் நகரத்துக்கும் கடல் கடந்தும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊரின் தேவை எது என்ற கேள்வியைப் பாடசாலை ஒருமுறையாவது அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இலங்கையில் கேட்டவர்கள் இருந்தார்கள். கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' அவருடையதே. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்திருந்த ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு சேர்ந்து அவர் பாடுபட்டதன் பயனாக 1892இல் மருதானையில் எழுந்த கல்விக்கூடமே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. பிற்காலத்தில், 1948 முதல் 1961 வரை, அக்கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் கற்றவர். வடக்கின் கல்வி ஒரு காலத்தில் எத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருந்தது என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

பையைத் திருப்பிக் கொடுத்தல்

1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எடுத்துச் செல்ல விட்டது மிகச் சொற்பம். மௌலவியின் வீட்டில் இரண்டு அலுமாரி நிறைய அரபு, தமிழ் நூல்கள் இருந்தன. அவர் புத்தளத்தில் ஓர் அகதிக் கொட்டிலில் இருக்கிறார் என்று பல மாதங்களின் பின் அறிந்தேன். அவர்களை அனுப்பிய துப்பாக்கிகளும் தமிழ்தான் பேசின. நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. பயம் என்று சொல்லலாம். ஆனால் அது முழுக் காரணமல்ல.

பிறகு எங்கள் முறை வந்தது. 1997 மே மாதம் படை நடவடிக்கையில் நெடுங்கேணி வெறிச்சோடியது. புத்தகங்களைப் பெட்டியில் இட்டு மண்ணில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கறையான் தின்றது போக மிஞ்சியது கொஞ்சம். 2008இல் மீண்டும் ஓட்டம். அந்தக் கொஞ்சமும் வழியில் எங்கோ கிடந்தது. 2009இல் செட்டிகுளத்து முகாமில், கொப்பி இல்லாத பிள்ளைகளுக்குக் கூடாரத்து ஓரம் மணலில் எழுதிப் பாடம் நடத்தினேன். அந்த ஆண்டு முகாமுக்குள் இருந்தே உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உண்டு. கையில் ஒரு நூலுமின்றி நின்றபோதுதான் எனக்கு என் கையிருப்புத் தெரிந்தது. நன்னூல் இருந்தது. மௌலவி சொன்ன கதைகள் இருந்தன. குறிப்பெழுதி மட்டும் வைத்திருந்த ஆயிரம் செய்திகள் போயிருந்தன. கொள்ளைக்காரன் சரியாகத்தான் கேட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

2011இல் மௌலவி தண்ணீரூற்றில் தன் வளவைப் பார்க்க வந்தார். திரும்பும் வழியில் என்னிடமும் வந்தார். தேநீர் குடித்தபடி நான் அந்தக் கதையை எடுத்து, அறிவை எவராலும் பறிக்க முடியாது என்பதை எங்கள் இருவர் வாழ்வும் காட்டிவிட்டது என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாஸ்டர், கதையில ஒரு இடத்தை நீங்க மறந்துட்டீங்க. அந்தக் கொள்ளைக்காரன் பையைத் திருப்பிக் குடுத்தான்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இருபது ஆண்டுகள் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த ஒரு வரியை நான் விட்டுவிட்டே சொல்லியிருக்கிறேன்.

அறிவு உள்ளே இருந்தால் போதும் என்பது இழந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். இழக்கச் செய்தவனும், பார்த்துக்கொண்டு நின்றவனும் அதைச் சொல்வதற்கு உரிமையில்லை. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அறிவு எங்கள் நெஞ்சில் உண்டு என்று அன்று யாராவது எமக்கு ஆறுதல் சொல்லியிருந்தால் ஏற்றிருப்போமா? மௌலவியின் இரண்டு அலுமாரிக்கும் அதே நீதிதான். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடம் சொன்னதால்தான் அந்தக் கொள்ளைக்காரன் ஆசானானான்.

இரண்டும் வேண்டும்

இந்தப் பழைய அறிஞர்கள் சொன்னதெல்லாம் அப்படியே எமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர் சொல்லை மறுக்காதே என்ற தொனி அவர்களிடம் மிகுதி. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதினார்கள். ஆனால் 11ஆம் நூற்றாண்டிலே மக்காவில் கரீமா அல்-மர்வஸிய்யா என்ற பெண்மணியிடம் பேரறிஞர்கள் வந்து நபிமொழி கற்றார்கள் என்பது வரலாறு. அந்த நூல்கள் காட்டியதை விட வாழ்க்கை அகன்றிருந்தது. கொள்ள வேண்டியதைக் கொள்ளலாம். சுருக்கத்தை நம்பாதே, சுற்றுச் சுற்றாகக் கற்பி, பேச விடு, விளையாட விடு, அஞ்ச வைக்காதே, ஏழைப் பிள்ளையை வேறுபடுத்தாதே, ஊருக்கு இல்லாததைக் கேள். இவற்றுக்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை.

எங்கள் மாணவிக்கு வருவோம். பஸ் நடத்துநரிடமும் தரிப்பிடத்திலும் விசாரித்தோம். பை கிடைக்கவில்லை. அடுத்த மாலை அவளையும் அவளுடைய தோழிகள் இருவரையும் அழைத்து விறாந்தையில் இருத்தினேன். வரலாற்றில் ஒரு பாடத்தை எடுத்து, உனக்குத் தெரிந்ததை இவர்களுக்குச் சொல் என்றேன். முதல் நாள் பத்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை, அழுதாள். சொல்ல வராத இடங்களைக் குறித்துக்கொண்டு பாடநூலில் தேடச் சொன்னேன். மூன்றாம் நாள் அதே பாடத்தைத் திரும்பச் சொன்னபோது தோழி ஒருத்தி இடைமறித்துக் கேள்வி கேட்டாள். இவள் பதில் சொன்னாள். ரியூட்டில் இருந்த பதிலல்ல அது.

தோழிகளிடம் நான் வேறொன்றும் கேட்டுக்கொண்டேன். ஆளுக்கொரு பாடமாகத் தங்கள் கொப்பிகளை அவளுக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்பது அது. ஒருத்தி சற்றுத் தயங்கினாள். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். எண்பது வயதை எட்டிவிட்டார். காது சற்று மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "மூண்டாந் தரமும் சொல்லுங்க மாஸ்டர், அப்பதான் பாடமாகும்" என்றார்.